வெள்ளரி பாலிஹவுஸில் ஈரக்காற்று: அறிகுறியை வைத்து நோயைப் பிடிக்கும் வழி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, கெலமங்கலம், பேரிகைப் பக்கம் பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் படலக் கூரை வேய்ந்த பயிர்க் குடில்) போட்டவர்களுக்கு ஐப்பசி பிறந்தாலே வயிற்றில் புளி கரையும். வெளியே நசநசவென்று தூறல். உள்ளே ஆளுயரத்துக்குக் கொடி ஏறி, காய் பிடிக்கிற நேரம். நேற்று வரை பச்சையாக நின்ற இலையில் இன்று ஏதோ ஒரு கறை. உடனே இலையைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடுவோம்.

நானும் ஓடியவன்தான். என் முதல் வெள்ளரிப் பயிரில் மஞ்சள் திட்டு வந்தபோது, மதியம் 12 மணிக்குக் கசங்கிப்போன இலையைக் கடையில் காட்டினேன். சாம்பல் நோய் என்றார்கள். அது அடிச்சாம்பல் நோய். பெயரில் ‘அடி’ என்ற இரண்டெழுத்துதான் வித்தியாசம். ஆனால் கிருமி வேறு, மருந்து வேறு, பிடிக்கும் சூழலும் ஏறக்குறைய எதிர்மாறு. தப்பான மருந்தை மூன்று முறை அடித்தேன். அடித்த தண்ணீரே இலையை இன்னும் ஈரமாக்கி, நோய்க்குப் பந்தி விரித்தது.

அதனால் இப்போது யாராவது பகல் 11 மணிக்கு எடுத்த படத்தை அனுப்பி “என்ன மருந்து அடிக்கலாம்ணா?” என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “காலையில் ஆறு மணிக்கு உள்ளே போய்ப் பார்த்தியா?” ஈரக்காற்றால் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி, வெயில் ஏறுவதற்கு முன்புதான் தன் முகத்தைக் காட்டும்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளும் ஈரப்பதமானி ஒன்று. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று. ஒரு டார்ச். சில பிளாஸ்டிக் கவர்கள். இவ்வளவு போதும்.

மலிவான ஈரப்பதமானிகள் பொய் சொல்லும். சோதிப்பது சுலபம். ஒரு மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் மானியையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். மானி 75 சதவீதம் காட்ட வேண்டும். 82 காட்டினால், இனி எப்போதும் 7 கழித்துப் படிக்க வேண்டும் என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மாட்டும் இடமும் முக்கியம். வாசல் கம்பத்தில் மாட்டினால் அது வாசலின் ஈரத்தைச் சொல்லும். இலைக் கூட்டத்துக்கு நடுவில், இடுப்பளவு உயரத்தில், வெயில் நேராகப் படாமல் தொங்கவிடுங்கள்.

அறிகுறி: விடிகாலையில் கூரையிலிருந்து சொட்டுகிறது, இலை நனைந்திருக்கிறது

இதை நோய் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் கீழே வரும் பாதி நோய்களுக்கு இதுதான் தாய். அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

மாலையில் உள்ளே 28 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேட்க ஒன்றும் மோசமில்லை. ஆனால் அந்தக் காற்றை அப்படியே பூட்டிவைத்தால், வெப்பம் 22 டிகிரிக்கு இறங்கும்போது ஈரப்பதம் 100 ஆகிவிடும். அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் தண்ணீர் எங்காவது படிந்தே தீரும். முதலில் குளிர்வது கூரைப் படலம். வானம் தெளிந்த இரவில் அது வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். அங்கே படிந்து, சேர்ந்து, பிறகு இலை மேல் சொட்டும்.

நம் ஊரில் பெரும்பாலோர் செய்யும் தவறு, குளிருக்குப் பயந்து மாலை ஐந்து மணிக்கே பக்கத் திரைகளை எல்லாம் இறக்கிவிடுவது. பகல் முழுக்கச் செடி விட்ட மூச்சு அத்தனையும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். திரையை இறக்கும் முன் அரை மணி நேரமாவது இரு பக்கமும் முழுதாகத் திறந்து, அந்த ஈரத்தை வெளியே தள்ளுங்கள். கூரையில் காற்று போக விட்ட திறப்பு (மேல் வென்ட்) இருந்தால் அதை இரவிலும் மூடாதீர்கள். காற்றோடு மழை அடித்தால் மட்டும் பக்கத் திரையை இறக்கினால் போதும்.

“வெளியேயே மழை பெய்யுது, திறந்தா இன்னும் ஈரம்தானே வரும்?” என்று கேட்காதவர் இல்லை. கணக்கு வேறு மாதிரி. வெளியே 18 டிகிரி, 95 சதவீதம் ஈரம். அதே காற்று உள்ளே வந்து 22 டிகிரிக்குச் சூடேறினால் அதன் ஈரப்பதம் 74 சதவீதம்தான். உள்ளே வெளியைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும் வரை, மழை நாளிலும் திறந்துவிடுவது லாபம். நள்ளிரவில் உள்ளும் புறமும் ஒரே வெப்பமாகிவிட்டால் அந்த லாபம் இல்லை. அப்போது உள்ளே காற்றைச் சுழற்றும் மின்விசிறி மட்டும்தான் உதவும்.

காலையில் இன்னொரு பொறி இருக்கிறது. வெயில் பட்டதும் காற்று சட்டென்று சூடேறும். ஆனால் காய் தண்ணீர் நிரம்பிய பொருள், மெதுவாகத்தான் சூடாகும். சூடான ஈரக்காற்று குளிர்ந்த காயில் பட்டதும், பிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு போல அது வியர்க்கும். எட்டரை மணிக்கு வந்து திரையைத் தூக்குகிறவர் தோட்டத்தில் காய் தினமும் ஒருமுறை குளித்துவிடும். வெயில் விழும் முன்பே ஒரு ஜாண் அளவுக்குத் தூக்கி, பிறகு படிப்படியாக ஏற்றுங்கள்.

மீதியெல்லாம் சின்ன வேலைகள்தான், ஆனால் சேர்ந்தால் பெரிய வித்தியாசம். கடைசித் தண்ணீரை மதியம் இரண்டு மணிக்குள் விட்டுவிடுங்கள். சொட்டுநீர்க் குழாயில் கசிவு இருந்து நடைபாதையில் தண்ணீர் நின்றால், அது இரவெல்லாம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பக்கத்துப் பூச்சி வலையைக் கையால் தொட்டுப் பாருங்கள். புழுதி அடைத்திருந்தால் திரை திறந்திருந்தும் காற்று வராது. மழைக்காலம் தொடங்கும் முன் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். சொட்டாமல் வழிந்தோடும் பூச்சுள்ள கூரைப் படலம் போட்டிருந்தாலும் அந்தப் பூச்சுக்கு ஆயுள் உண்டு. படலம் கிழியாமல் இருப்பதாலேயே பூச்சும் இருப்பதாக நம்ப வேண்டாம்.

அறிகுறி: இலை விளிம்பில் மட்டும் வரிசையாக முத்து முத்தாய் நீர்

இது கூரையிலிருந்து விழுந்ததல்ல. இரவில் வேர் தள்ளிய தண்ணீரை ஆவியாக்க வழியில்லாமல், விளிம்புத் துளைகள் வழியாகச் செடி கக்கியது. எப்போதாவது இருந்தால் வேர் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம், சந்தோஷப்படலாம். தினமும் இருந்தால் மாலையில் மண் தேவைக்கு மேல் ஈரமாக இருக்கிறது. அந்த நீரில் உள்ள உரஉப்பு காய்ந்து விளிம்பில் வெள்ளைக் கோடாகப் படியும், பிறகு கருகும். வெயில் நாளில் 2 லிட்டர் கேட்கும் செடி, மேகமூட்டமான நாளில் அதில் பாதிகூடக் கேட்காது. டைமரில் வைத்ததை அப்படியே ஓடவிட்டால் இதுதான் நடக்கும்.

அறிகுறி: இலை மேல் கட்டம் கட்டமாக மஞ்சள் திட்டு

நரம்புகளுக்கு இடையே, ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல் மூலைகளோடு கோணமான திட்டுகள் என்றால் முதல் சந்தேகம் அடிச்சாம்பல் நோய். விடிகாலையில் இலையைத் திருப்பி லென்ஸில் பாருங்கள். திட்டுக்கு நேர் கீழே சாம்பலும் ஊதாவும் கலந்த மெல்லிய பூஞ்சை தெரிந்தால் முடிவு. பகலில் அது உதிர்ந்துவிடும். அதனால்தான் மதிய இலையை வைத்து யாரும் சரியாகச் சொல்ல முடிவதில்லை.

தெரியவில்லையா? சந்தேக இலையை ஈரமான காகிதத்தோடு ஒரு கவரில் போட்டுக் கட்டி, இரவு முழுக்க இருட்டில் வையுங்கள். அடிச்சாம்பல் என்றால் காலையில் பூஞ்சை முளைத்து நிற்கும். முளைக்காமல், திட்டின் அடியில் பிசுக்குத் துளியோ அது காய்ந்த வெள்ளைப் பொருக்கோ இருந்து, நடுப்பகுதி கிழிந்து ஓட்டை விழுந்தால் அது பாக்டீரியா கோண இலைப்புள்ளி. பூஞ்சை மருந்துகளில் பெரும்பாலானவை அதன் மேல் செல்லாது. தாமிர மருந்து ஓரளவு தடுக்கும். இலை ஈரமாக இருக்கும்போது கொடியைத் தொட்டால், நம் கையும் கத்தியுமே அதை வரிசை வரிசையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அடிச்சாம்பலுக்குக் காரணமான சூடோபெரனோஸ்போரா கியூபென்சிஸ் உயிருள்ள செடியில்தான் வாழும். காய்ந்த சருகில் தங்கியிருந்து அடுத்த பயிருக்கு வரும் ஜாதி இல்லை. அப்படியானால் எங்கிருந்து வருகிறது? வேலியோரப் பூசணி, பக்கத்து வயல் பீர்க்கன், தானாக முளைத்துக் கிடக்கும் வெள்ளரி. அங்கிருந்து காற்றில் வரும். குடிலைச் சுற்றிப் பூசணிக் குடும்பக் கொடி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது பாதிப் பாதுகாப்பு. 15 முதல் 20 டிகிரி வெப்பமும் சில மணி நேர இலை ஈரமும் கிடைத்தால் தொற்றிவிடும். நம் கார்த்திகை இரவுகள் அதற்கென்றே அளவெடுத்துத் தைத்தவை. தொற்றிய பிறகு கண்ணுக்குத் தெரிய 4 முதல் 12 நாள் ஆகும். ஆக, இன்று பார்க்கும் திட்டு போன வாரத்து ஈரத்தின் கணக்கு. இன்றைக்குத் திரையைத் திறந்தாலும் அடுத்த சில நாட்கள் புதுத் திட்டுகள் வரத்தான் செய்யும். பதறி மருந்துக்கு மேல் மருந்து அடிக்க வேண்டாம்.

மருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த நோய் பிடித்துவிட்டால் மருந்தில்லாமல் சமாளிப்பது கஷ்டம். ஆனால் இரண்டு விஷயம். மெட்டலாக்சில் என்ற மருந்துக்கு இந்தக் கிருமி உலகின் பல பகுதிகளில் பழகிப்போய்விட்டது, அதை மட்டுமே நம்பாதீர்கள். அடுத்தது, பாட்டிலை மாற்றுவது மருந்தை மாற்றுவது ஆகாது. அசாக்ஸிஸ்ட்ரோபினும் கிரெசாக்சிம் மீத்தைலும் பெயரில்தான் இரண்டு, கிருமியைத் தாக்கும் இடம் ஒன்றே. லேபிளில் வெள்ளரி எழுதியிருக்கிறதா, அடித்த பின் எத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது என்று படியுங்கள். வெள்ளரி தினமும் பறிக்கும் பயிர். பறிக்கக்கூடியதை எல்லாம் பறித்துவிட்டு, காலையில் அடித்தால் மாலைக்குள் இலை காய்ந்துவிடும். மாலையில் அடித்தால் மருந்தோடு சேர்த்து நோய்க்கும் ஒரு ராத்திரி ஈரம் கொடுத்த கணக்கு.

அறிகுறி: இலை மேல் வெள்ளை மாவு

இதுதான் சாம்பல் நோய். விரலால் துடைத்தால் மாவு கையோடு வரும். இதற்கு இலை நனையவே தேவையில்லை. தண்ணீர் நின்றால் இதன் வித்துகள் கெட்டுப்போகும். காற்றில் ஈரம், இலை உலர்வு, நிழல் மூன்றும் சேர்ந்த இடம் இதற்குச் சொர்க்கம். நெருக்கமாக நட்ட வரிசையின் கீழ்ப்பகுதியில் ஆரம்பிப்பது அதனால்தான்.

கீழ் இலைகளை அகற்றி வெளிச்சமும் காற்றும் விடுவதே முதல் மருந்து. கந்தகம் நன்றாகக் கேட்கும், ஆனால் வெள்ளரி இலை மென்மையானது. 30 டிகிரிக்கு மேல் போகும் நாளில் கந்தகம் அடித்தால் நோய்க்கு முன் இலை கருகும். 1999-இல் பிரேசிலில் சுக்கினியில் செய்த ஆய்வில், பத்துப் பங்குக்கு ஒரு பங்கு பால் கலந்த நீர் இந்த நோயை நன்றாகக் கட்டுப்படுத்தியது. நானும் தொடக்க நிலையில் அடித்துப் பார்த்தேன், பரவாயில்லை. மூடிய குடிலில் புளித்த பால் வாடை மட்டும் இரண்டு நாள் போகாது.

அறிகுறி: வாடிய பூவிலும் வெட்டிய இடத்திலும் சாம்பல் நிறப் பஞ்சு

போட்ரைடிஸ் என்ற பூஞ்சை. உயிருள்ள திசுவில் நேரடியாக நுழைய இதற்குத் தெம்பு குறைவு. செத்த இடம் ஒன்று வேண்டும். பிஞ்சின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வாடிய பூ, இலையைக் கிள்ளியபின் விட்டுவைத்த காம்புக் குச்சி, உதிர்ந்து மற்றொரு இலை மேல் விழுந்த இதழ், இவைதான் அதன் வாசல். அங்கே காலூன்றிய பிறகு பிஞ்சுக்குள்ளும் தண்டுக்குள்ளும் இறங்கும். தண்டில் சுற்றி வளைத்துவிட்டால் அதற்கு மேலே உள்ள கொடி மொத்தமும் போச்சு.

எனவே இது மருந்தால் தீர்வதைவிடக் கவாத்தால் தீரும் நோய். கீழ் இலைகளை எடுக்கும்போது தண்டோடு ஒட்டி வெட்டுங்கள், விரற்கடை நீளம்கூட மிச்சம் வைக்காதீர்கள். ஒரு செடியில் ஒரே நாளில் இரண்டு மூன்று இலைக்கு மேல் வேண்டாம். மழை நாளில் கத்தியைத் தொடவே வேண்டாம். வெயில் உள்ள நாளில் காலை பத்து மணி வாக்கில் வெட்டினால், பொழுது சாய்வதற்குள் வெட்டுவாய் காய்ந்து மூடிக்கொள்ளும். வெட்டிய இலையை நடைபாதையில் குவித்து வைத்து “சாயங்காலம் அள்ளிக்கலாம்” என்பது எல்லாத் தோட்டத்திலும் உள்ள வழக்கம். குடிலுக்குள்ளேயே வித்துப் பண்ணை வைப்பதற்குச் சமம் அது.

அறிகுறி: மதியம் வாடுகிறது, மாலையில் நிமிர்கிறது

பார்த்ததும் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள். ஒரு செடியைத் தியாகம் செய்து, மண்ணோடு தோண்டி, வாளித் தண்ணீரில் அலசி வேரைப் பாருங்கள்.

வேரில் மணி மணியாக வீக்கம் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. தொடர்ந்து வெள்ளரியும் குடைமிளகாயும் வைக்கும் பாலிஹவுஸ் மண்ணில் இது வராவிட்டால்தான் ஆச்சரியம். நின்ற பயிரில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நூற்புழுவைத் தாக்கும் பூஞ்சையான பர்பியூரியோசிலியம் லிலாசினம் கலந்த தொழுவுரமும் வேப்பம் புண்ணாக்கும் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். பயிர் முடிந்த பின் சித்திரை வெயிலில் மண்ணை நனைத்து, 25 மைக்ரான் தெளிவான பாலிதீனால் மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து, நான்கிலிருந்து ஆறு வாரம் விடுங்கள். கறுப்பு ஷீட்டில் அந்தச் சூடு வராது.

வீக்கமில்லாமல் வேர் பழுப்பாக இருந்து, இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று நடு நரம்பு மட்டும் நூலாக நின்றால் பித்தியம் என்ற கிருமியால் வரும் வேர் அழுகல். காரணம் அதிக நீர். இதற்குப் போய் இன்னும் தண்ணீர் விடுவதுதான் கொடுமை. டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை வருமுன் காப்பது மட்டுமே, அழுகிய வேரை அது திருப்பித் தராது.

வேர் வெள்ளையாக, நன்றாக இருக்கிறதா? தண்டின் அடிப்பகுதியைப் பாருங்கள். தேன் நிறத்தில் பிசின் கசிந்து, பக்கத்தில் கறுப்பு ஊசிமுனைப் புள்ளிகள் இருந்தால் பிசின் தண்டு கருகல். செடியைப் பிடுங்கிக் கவரில் போட்டு வெளியே கொண்டுபோங்கள். விதை வழியாகவும் வரக்கூடியது, அதனால் விதைப் பாக்கெட்டின் லாட் எண்ணைக் குறித்து வையுங்கள். எதுவுமே இல்லை, நான்கு நாள் மழைக்குப் பின் இன்றுதான் வெயில் அடித்தது என்றால் அது நோயே அல்ல. சோம்பேறியாகிவிட்ட இலைக்குத் திடீர் வேலை வந்த களைப்பு. நிழல்வலையை இரண்டு நாள் மதியம் மட்டும் இழுத்துவிடுங்கள், சரியாகிவிடும்.

அறிகுறி: இளம் இலை குடைபோல் கீழ்நோக்கிக் கவிழ்கிறது, ஓரம் கருகுகிறது

சுண்ணாம்புச் சத்துக் குறை. “கால்சியம் நைட்ரேட் போட்டுக்கிட்டுதானே இருக்கேன்!” என்பீர்கள். போட்டிருப்பீர்கள், மண்ணிலும் இருக்கும். ஆனால் கால்சியம் தண்ணீரோடு மட்டுமே மேலே ஏறும், இலை ஆவியாக்கினால்தான் தண்ணீர் ஏறும். காற்று ஈரத்தால் நிறைந்திருந்தால் அந்த ஓட்டம் நின்றுவிடும். வண்டி ஓடாத ரோட்டில் சரக்கு எப்படி வரும்? உரத்தைக் கூட்டுவதற்கு முன் ஈரப்பதமானியின் பதிவைப் பாருங்கள். காற்றோட்டம் திரும்பினால் புதிய இலைகள் ஒழுங்காக விரியும், கவிழ்ந்தவை கவிழ்ந்தபடிதான் இருக்கும்.

அறிகுறி: கொடியின் நுனி விறைத்து, சுருங்கி, வளராமல் நிற்கிறது

பலரும் வைரஸ் என்று முடிவுகட்டிச் செடியைப் பிடுங்கிவிடுவார்கள். அதற்கு முன் நுனியை லென்ஸில் பாருங்கள். மிளகாய்க்காரர்கள் முரணை என்று சொல்லும் சிலந்தி இங்கேயும் வரும். 0.2 மில்லிமீட்டர்தான் இருக்கும். சாதாரணச் செஞ்சிலந்தி வறட்சியில் பெருகும், இது ஈரத்தில் பெருகும். வலை பின்னாது. வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு செடி விட்டுச் செடி போகும், அதனால் மஞ்சள் ஒட்டுப்பொறியில் வெள்ளை ஈ கூடினால் நுனிகளையும் சேர்த்துக் கவனியுங்கள். சாறுண்ணும் பூச்சிக்கு அடிக்கும் எல்லா மருந்தும் சிலந்தியைக் கொல்லாது, லேபிளில் சிலந்தி என்று இருக்க வேண்டும். உண்மையான வைரஸ் என்றால் பச்சையும் மஞ்சளுமாகத் தேமல் இருக்கும். அந்தச் செடிக்கு மருந்து இல்லை.

அறிகுறி: காய் கோணல்

பூ முனை மட்டும் பருத்துச் சுரைக்காய் போல வந்தால் உள்ளே தேனீ புகுந்திருக்கிறது. பாலிஹவுஸ் ரகங்கள் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்ப்பவை. சேர்க்கை நடந்தால் விதை பிடித்து அந்த முனை வீங்கும். வலையில் ஓட்டை தேடுங்கள். முனை சூம்பினால் தண்ணீரைப் பாருங்கள். வளைந்த பிஞ்சில் கீறல் தழும்பு இருந்தால் இலைப்பேன். வெயிலில்லாத வாரத்தில் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தால், செடி தன்னால் சுமக்க முடியாததை இறக்கிவைக்கிறது. ஒரு கணுவில் ஒரு பிஞ்சு மட்டும் விட்டு மற்றதை நீங்களே முந்திக்கொண்டு கிள்ளிவிடுங்கள்.

எதிலும் அடங்காத அறிகுறி

ஆய்வாளரிடம் காட்டிவிடுங்கள். அதற்கு வேரும் மண்ணும் சேர்ந்த முழுச் செடி இரண்டு வேண்டும், அவற்றில் ஒன்று இப்போதுதான் பாதிப்புத் தொடங்கியதாக இருக்கட்டும். முற்றிலும் செத்த செடியில் எல்லாப் பூஞ்சையும் குடியேறியிருக்கும், ஆய்வாளராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வேர்மண்ணை மட்டும் ஒரு கவரில் கட்டி, மேல்பகுதியைச் செய்தித்தாளில் சுற்றுங்கள். மொத்தத்தையும் பிளாஸ்டிக்கில் அடைத்தால் போகும் வழியிலேயே அழுகிவிடும். கடைசி பத்து நாளில் அடித்த மருந்துகள், விட்ட உரம், குறைந்தபட்ச வெப்பம், அதிகபட்ச ஈரப்பதம் இவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மற்ற மாவட்டத்தார் தங்கள் வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுக்கலாம். திங்கள் அல்லது செவ்வாய்க் காலையில் கொண்டுபோனால், வார விடுமுறையில் செடி மூட்டைக்குள் கிடக்காது.